நீடித்த மேலறை நடுக்கம்: மாத்திரையா, கதீட்டரா?

இதயத்தின் மேலறைகள் ஒரே வீச்சில் சுருங்குவதை விட்டு, நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் ஒழுங்கில்லாமல் துடித்து நடுங்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மருத்துவமனைச் சீட்டில் ஏ.எஃப். என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். சிலருக்கு அது சில மணி நேரம் வந்து தானாகவே அடங்கும். வேறு சிலருக்கு ஏழு நாள் கடந்தும் அடங்காது. அவர்களுக்கு மருந்தோ மின் அதிர்ச்சியோ கொடுத்தால்தான் துடிப்பு பழைய ஒழுங்குக்குத் திரும்பும். இந்த இரண்டாம் வகையே நீடித்த மேலறை நடுக்கம். ஓராண்டைத் தாண்டினால் நெடுநாள் நீடித்தது என்பார்கள். இனி ஒழுங்குக்குக் கொண்டுவர முயல வேண்டாம் என்று மருத்துவரும் நோயாளியும் முடிவெடுத்துவிட்டால் அது நிரந்தரமானது.

நீடித்த வகை வந்தவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மேலறை நடுங்கினால் நடுங்கட்டும், கீழறையின் வேகத்தை மட்டும் மாத்திரையால் அடக்கிவைப்பது ஒன்று. மருந்தால் துடிப்பின் லயத்தையே மீட்டுக் காப்பது இன்னொன்று. தொடை இடுக்கு வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான மின்னோட்டம் கிளம்பும் இடங்களை வடுவாக்கிவிடுவது மூன்றாவது. அப்லேஷன் என்பது இதுதான். பக்கவாதத்தைத் தடுக்க ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து தருவது இம்மூன்றுக்கும் பொதுவான தனிக் கணக்கு.

எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், இதுவரை வந்த ஆய்வுகள் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும். எந்தப் பலனுக்கு, எந்த நோயாளிக்கு என்று பிரித்துக் கேட்டால் அந்த முரண்பாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. அப்படிப் பிரித்த பிறகும் தீராமல் நிற்கும் கேள்விகளே உண்மையில் கவனிக்க வேண்டியவை.

குயினைனில் தொடங்கிய வழக்கு

இந்த விவாதத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1785இல் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியைப் பற்றித் தாம் எழுதிய நூலில் டிஜிட்டாலிஸை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். அது துடிப்பின் வேகத்தைக் குறைத்தது, நடுக்கத்தை நிறுத்தவில்லை. நிறுத்தும் வழியை மருத்துவருக்குக் காட்டியவர் ஒரு நோயாளி. மலேரியா நாடுகளில் வணிகம் செய்த டச்சுக்காரர் ஒருவர், ஒரு கிராம் குயினைன் விழுங்கினால் தன் ஒழுங்கற்ற நாடி சரியாகிவிடும் என்று மருத்துவர் வெங்கெபாக்கிடம் சொன்னார். மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றும் காட்டினார். வெங்கெபாக் 1914இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்தார். 1918இல் வால்டர் ஃப்ரை, அதே சின்கோனா பட்டையின் இன்னொரு சத்தான குயினிடின் மேலும் நன்றாக வேலை செய்வதாகக் கண்டார். 1962இல் பெர்னார்ட் லவுன் நேர்மின்னோட்ட அதிர்ச்சியால் லயத்தை மீட்கும் முறையை அறிமுகப்படுத்தினார்.

லயத்தை மீட்பது எளிதாகிவிட்டது; அதைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தக்கவைக்கும் மருந்துக்கும் விலை உண்டு என்பது 1990இல் தெரியவந்தது. அதுவரை நடந்த சிறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது குயினிடின் எடுத்தவர்களில் 2.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 0.8 சதவீதம். அதே காலத்தில் காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வு, மாரடைப்புக்குப் பின் லய மருந்துகளான ஃப்ளெகைனைடும் என்கைனைடும் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று காட்டி மருத்துவ உலகை உலுக்கியது. ஈசிஜி தாளில் துடிப்பு அழகாகத் தெரிவதும் நோயாளி பிழைத்திருப்பதும் வேறு வேறு என்ற பாடம் அப்போது பதிந்தது. இன்றைய விவாதத்திலும் அந்த அச்சம் தொடர்கிறது.

வேகம் போதும் என்போர்

இந்தத் தரப்பின் பெரிய ஆயுதம் 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வு. 4,060 பேர், சராசரி வயது 70ஐ ஒட்டியது. ஐந்தாண்டு முடிவில் லயத்தைக் காக்க முயன்ற குழுவில் 23.8 சதவீதம் பேரும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திய குழுவில் 21.3 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்றாலும், லயக் கட்டுப்பாட்டால் ஆயுள் நீளும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது. அதே ஆண்டு நெதர்லாந்தில், நீடித்த வகையினர் 522 பேரை மட்டும் வைத்து நடந்த ரேஸ் ஆய்வும் இதே திசையில் முடிந்தது. 2008இல் இதயச் செயலிழப்பு உள்ள 1,376 பேரிடம் சோதித்தபோதும் லயக் கட்டுப்பாடு மேலாக அமையவில்லை. 2010இன் ரேஸ் 2 ஆய்வு, ஓய்வுநிலைத் துடிப்பு 110க்குள் இருந்தாலே போதும், 80க்குள் இறக்க அரும்பாடுபட வேண்டியதில்லை என்று இன்னும் தளர்த்தியது.

இந்தத் தரப்பின் பலவீனமும் அதே ஆய்வுகளுக்குள் இருக்கிறது. அஃபர்மில் லயக் குழுவினரில் ஐந்தாண்டு முடிவில் சுமார் 63 சதவீதம் பேருக்கே துடிப்பு சீராக இருந்தது. ரேஸில் அது 39 சதவீதம்தான். அதாவது இவை லயத்தைச் சோதிக்கவில்லை. லயத்தைக் காக்க அன்று கையிலிருந்த மருந்துகளைச் சோதித்தன. அஃபர்ம் குழுவே 2004இல் தன் தரவை வேறு கோணத்தில் அலசியது. சீரான லயம் இருந்தவர்களிடம் இறப்பு குறைவாகவும், லய மருந்து எடுத்தவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. இது பின்னோக்கிய அலசல். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே லயம் தங்குகிறது என்றும் இதை வாசிக்கலாம். ஆனால் நல்ல லயத்தின் பலனை மருந்தின் நஞ்சு தின்றுவிடுகிறது என்ற ஐயத்துக்கு இதுவே விதை. மருந்தில்லாமல் லயம் கிடைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கதீட்டர் விடையாக வரக் காத்திருந்தது.

அஃபர்ம் தந்த இன்னொரு பாடம் இன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது போதிய அளவில் எடுக்காதவர்கள். துடிப்பு சீராகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்ற எண்ணம் அன்றும் ஆளைக் கொன்றது.

அமியோடரோன் என்ற சங்கடம்

நீடித்த நடுக்கத்தில் மருந்து வழி என்றால் நடைமுறையில் அது பெரும்பாலும் அமியோடரோனில்தான் வந்து முடிகிறது. 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலி மருந்தாக உருவானது அது. லயத்தின் மீது அது செய்யும் வேலையை 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் விளக்கியவர், ஃபிஜித் தீவில் பிறந்த பிராமா சிங். அவரே தலைமை ஏற்று 2005இல் வெளியிட்ட சேஃப்-டி ஆய்வு, நீடித்த வகையினர் 665 பேரிடம் மருந்துகளை ஒப்பிட்டது. நடுக்கம் திரும்பி வர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் போலி மாத்திரைக் குழுவில் 6 நாள், சோட்டலால் குழுவில் 74 நாள், அமியோடரோன் குழுவில் 487 நாள். இவ்வளவு பெரிய இடைவெளியை இத்துறை ஆய்வுகளில் அடிக்கடி பார்க்க முடியாது.

ஆனால் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. மனித உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். மருந்திலுள்ள அயோடின் முழுவதும் உடலில் பிரிந்து வெளிப்படுவதில்லைதான்; வெளிப்படும் பகுதியே தைராய்டைத் தாறுமாறாக்கப் போதுமானது. நுரையீரல் இறுகுவது, கல்லீரல் பாதிப்பு, கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப் படலத்தில் படிவு, வெயில் பட்ட தோலில் நீலச்சாம்பல் நிறம் என்று பட்டியல் நீள்கிறது. கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடலை விட்டுப் போகாது. நஞ்சு குறைந்த மாற்றாக வந்த ட்ரோனிடரோன் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. நிரந்தர வகையினரிடம் அதைச் சோதித்த பல்லாஸ் ஆய்வை, இறப்பும் பக்கவாதமும் கூடியதால் 2011இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு இந்த நோய்க்காக வாய்வழி லய மருந்துகளில் சொல்லும்படியான புதுவரவு இல்லை. மருந்துத் தரப்பு வாதத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுதான்: எதிர்த்தரப்பின் கருவி இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது, இவர்களுடைய சிறந்த மருந்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

நுரையீரல் சிரைகளின் வாயில்

நடுக்கம் எப்படி நீடிக்கிறது என்பதற்கு கார்டன் மோ 1960களின் முற்பகுதியில் ஒரு விளக்கம் தந்தார்: பல மின்னலைகள் மேலறைகளில் ஒரே நேரத்தில் அலைந்து திரிகின்றன. அலைகள் திரிய இடமில்லாமல் செய்தால் நடுக்கம் நிற்க வேண்டும். இந்தத் தர்க்கத்தில் செயின்ட் லூயிஸில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 1987இல் மேலறையைக் கோடுகோடாக வெட்டித் தைத்தார். மேஸ் என்று பெயர்பெற்ற அந்த அறுவை பலனளித்தது. ஆனால் அதற்கு நெஞ்சைத் திறந்தாக வேண்டும்.

1998இல் பிரான்ஸின் போர்தோ நகரிலிருந்து மிஷேல் ஹைசகேரின் குழு வேறொரு செய்தி சொன்னது. 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தூண்டும் 69 புள்ளிகளைத் தேடியபோது, அவற்றில் 94 சதவீதம் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. அங்கே படர்ந்திருக்கும் இதயத் தசையிழைகளே பொறியைக் கிளப்பின. பொறி கிளம்பும் புள்ளியைச் சுடுவதில் தொடங்கி, பின்னர் சிரைகளின் வாயைச் சுற்றி வடுவால் வேலி கட்டிவிடும் முறை உருவாயிற்று. இன்றும் எல்லா அப்லேஷனுக்கும் அதுவே அடித்தளம்.

ஆனால் அந்த 45 பேரும் விட்டுவிட்டு வரும் வகையினர். நீடித்த வகைக்கு அதே நியாயம் பொருந்துமா? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் வைஃபெல்ஸும் அலெஸியும் 1995இல் வெளியிட்ட ஆட்டுப் பரிசோதனை இங்கே முக்கியம். ஆட்டின் மேலறையில் நடுக்கத்தைச் செயற்கையாகத் திரும்பத் திரும்பத் தூண்டினார்கள். முதலில் நொடிகளில் அடங்கிய நடுக்கம், நாள் செல்லச்செல்ல நீண்டு, கடைசியில் தானாக அடங்கவே இல்லை. நடுக்கம் மேலறையை மாற்றுகிறது; மாறிய மேலறை நடுக்கத்தை வளர்க்கிறது. மனிதரிடம் இதோடு தசை இறுகி நாராவதும் அறை விரிவதும் சேர்ந்துகொள்கின்றன. அப்படியானால் நீடித்த வகையில் பொறியை மட்டும் அணைத்தால் போதாது, பற்றிக்கொண்ட பரப்பையும் கவனிக்க வேண்டும் என்பது இயல்பான ஊகம்.

சிரைகளைத் தாண்டி எங்கே சுடுவது?

அந்த ஊகத்தைப் பின்தொடர்ந்த இருபதாண்டு வரலாறு, நல்ல கருதுகோள்கள் ஒவ்வொன்றாக விழுந்த வரலாறு. தாய்லாந்தைச் சேர்ந்த கூன்லவீ நடேமனீ 2004இல், மின்பதிவு சிதறிச் சிக்கலாகத் தெரியும் இடங்களைத் தேடிச் சுட்டால் நெடுநாள் நடுக்கமும் நிற்கிறது என்றார். வேறு சிலர் மேஸ் அறுவையைப் போலக் கதீட்டராலேயே கோடு இழுத்தார்கள். இரண்டையும் ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வு 2015இல் நேர்மையாகச் சோதித்தது. நீடித்த வகையினர் 589 பேர். பதினெட்டு மாதத்தில் நடுக்கமின்றி இருந்தவர்கள், சிரைகளுக்கு மட்டும் வேலி கட்டிய குழுவில் 59 சதவீதம். சிக்கலான பதிவிடங்களையும் சுட்ட குழுவில் 49. கோடுகளும் இழுத்த குழுவில் 46. கூடுதலாகச் சுட்டதால் நேரம்தான் கூடியது.

பிறகு சுழல்மையங்களைத் தேடிச் சுடும் முறை வந்தது. முதல் ஆய்வின் உற்சாகம் அடுத்தடுத்த ஆய்வுகளில் நிற்கவில்லை. எம்ஆர்ஐயில் நாராகித் தெரியும் பகுதிகளைச் சுடும் முறையை டிகாஃப் 2 ஆய்வு 843 பேரிடம் சோதித்தது: 43 சதவீதத்துக்கு எதிராக 46 சதவீத மறுவருகை, பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. இடது மேலறையின் பின்சுவரை முழுதாகத் துண்டிக்கும் முறையும் 2023இல் ஆஸ்திரேலியர்கள் முன்நின்று நடத்திய காப்லா ஆய்வில் அதே கதிக்கு ஆளாயிற்று: ஓராண்டில் கோளாறு திரும்பாமல் இருந்தவர்கள் பின்சுவரையும் துண்டித்த குழுவில் 52.4 சதவீதம், மற்றக் குழுவில் 53.6.

விதிவிலக்காக நிற்பது மார்ஷல் சிரை. இடது மேலறையின் வெளிப்புறம் ஓடும் இந்தச் சிறு சிரைக்குள் ஆல்கஹாலைச் செலுத்தி, கதீட்டர் எட்டாத தசையைச் செயலிழக்கச் செய்கிறார்கள். 2020இன் வீனஸ் ஆய்வில் இது சேர்ந்தபோது வெற்றி 38இலிருந்து 49 சதவீதமானது. சீனாவில் 498 பேரிடம் நடந்த ப்ராம்ப்ட்-ஏஎஃப் ஆய்வில், இதோடு கோடுகளும் சேர்த்தபோது 61.5இலிருந்து 70.7 சதவீதமானது. 2025இல் வெளிவந்த டெய்லர்ட்-ஏஎஃப், செயற்கை நுண்ணறிவு அடையாளம் காட்டிய இடங்களைச் சுட்டு நடுக்கமற்ற நிலையை 70இலிருந்து 88 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் நடுக்கத்தோடு மற்ற மேலறைத் துடிப்புக் கோளாறுகளையும் சேர்த்து எண்ணினால், ஒருமுறைச் சிகிச்சைக்குப் பின் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. முந்தைய சரிவுகளைப் பார்த்தவர்கள் இந்த எண்களைச் சற்று ஒதுங்கி நின்று பார்ப்பது நியாயமே.

ஆயுளை நீட்டுமா?

லயத்தைக் காப்பதில் கதீட்டர் மாத்திரையை வெல்கிறது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. நீடித்த வகையினரை மட்டும் வைத்து ஸ்பெயினில் நடந்த சாரா ஆய்வில் (146 பேர்), 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் நடுக்கம் ஓராண்டில் வராதவர்கள் அப்லேஷன் குழுவில் 70 சதவீதம், மருந்துக் குழுவில் 44 சதவீதம். சண்டை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. லயம் கிடைப்பதால் இறப்பும் பக்கவாதமும் குறைகின்றனவா?

இதற்கென்றே நடந்தது கபானா. 2,204 பேர், 10 நாடுகள். பாதிக்கு மேல் நீடித்த வகையினர். 2019இல் வந்த முடிவு இரு தரப்புக்கும் ஏமாற்றம் தந்தது. இறப்பு, முடக்கும் பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, இதயத் துடிப்பு நிற்றல் ஆகியவை சேர்ந்த கணக்கில் அப்லேஷன் குழு 8.0 சதவீதம், மருந்துக் குழு 9.2 சதவீதம். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். ஆனால் மருந்துக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் இடையில் அப்லேஷன் செய்துகொண்டார்கள். அப்லேஷனுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 9 சதவீதம் பேர் செய்துகொள்ளவே இல்லை. உண்மையில் யார் எந்தச் சிகிச்சை பெற்றார்கள் என்று பிரித்தால் அப்லேஷன் மூன்றில் ஒரு பங்கு மேலாகத் தெரிகிறது.

அப்லேஷன் ஆதரவாளர்கள் இந்த இரண்டாவது கணக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எச்சரிக்கை தேவை. குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களைக் கலைத்துவிட்டால், சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே உடல்நலம் தேறியவர்களாக இருக்கும் வாய்ப்பு நுழைந்துவிடுகிறது. கபானா உறுதியாக நிறுவியது வாழ்க்கைத் தரம் மேம்படுவதை. ஆயுள் கணக்கு, இதயச் செயலிழப்பு இல்லாத சராசரி நோயாளியைப் பொறுத்தவரை, நிறுவப்படவில்லை.

வாழ்க்கைத் தரத்திலும் ஒரு சந்தேகம் நெடுநாள் இருந்தது. தனக்குக் கதீட்டர் போட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே நோயாளிக்குத் தெம்பு தந்துவிடாதா? 2024இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 126 பேரில் பாதிப் பேருக்குப் போலிச் சிகிச்சை செய்து இதைச் சோதித்தது. அவர்களில் பெரும்பாலோர் நீடித்த வகையினர். நடுக்கத்தில் கழியும் நேரம் அப்லேஷன் குழுவில் 60 சதவீதமும் போலிக் குழுவில் 35 சதவீதமும் குறைந்தது. அறிகுறிகளும் அப்லேஷன் குழுவில் தெளிவாகக் குறைந்தன. மனநினைப்புக்கும் பங்கு உண்டு, ஆனால் முழுப் பலனும் அதுவல்ல என்று இப்போது சொல்லலாம்.

பம்பிங் குறைந்தவர்கள்

எக்கோ எடுத்துப் பார்த்து இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதம், பம்பிங் குறைந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களிடம் கதை வேறு. 2018இன் காஸில்-ஏஎஃப் ஆய்வில் இப்படிப்பட்ட 363 பேரில், மூன்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட இடைநிலைக் கண்காணிப்பில், அப்லேஷன் குழுவில் 13.4 சதவீதமும் மருத்துவச் சிகிச்சைக் குழுவில் 25 சதவீதமும் இறந்தார்கள். நீடித்த வகையினரையே எடுத்துக்கொண்ட ஆட்டாக் ஆய்வில் (203 பேர்) அமியோடரோனைவிட அப்லேஷன் லயத்திலும் இறப்பிலும் மேலாக இருந்தது. ஜெர்மனியின் பாட் ஓய்ன்ஹவுசனில் இதய மாற்றுக்கு அனுப்பும் நிலையிலிருந்த 194 பேரிடம் நடந்த காஸில்-எச்டிஎக்ஸ், பலன் வெளிப்படையாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இவற்றுக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. காஸில்-ஏஎஃபுக்காக 3,013 பேரைச் சலித்து 363 பேரைத்தான் எடுத்தார்கள். அந்த வடிகட்டலில் தேறாதவர்களுக்கும் இதே பலன் கிடைக்குமா என்பது கேள்வி. இ.எஃப். உயர்வை அளந்த அமிகா ஆய்வில் இரு குழுக்களும் ஏறக்குறைய சமமாகவே தேறின. 411 பேரைக் கொண்ட ராஃப்ட்-ஏஎஃப், அப்லேஷன் பக்கம் சாய்ந்தும் உறுதியைத் தொடவில்லை. ஒட்டுமொத்தத்தில் தராசு அப்லேஷன் பக்கமே இறங்குகிறது. அமெரிக்க இதயக் கழகங்கள் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பம்பிங் குறைந்த, தகுதியான நோயாளிகளுக்கு இதை முதல் தரப் பரிந்துரையாக்கியிருக்கிறது. என் மதிப்பீட்டில், நீடித்த நடுக்கத்துக்கு அப்லேஷன் வேண்டும் என்பதற்கான மிக வலுவான ஆதாரம் இந்தக் குழுவினரிடமிருந்துதான் வருகிறது.

முப்பது நொடி என்ற அளவுகோல்

மேலே வந்த வெற்றி விகிதங்களை வாசிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். தொடக்க மாதங்களைக் கழித்துவிட்டு, 30 நொடி நீளும் நடுக்கம் ஒரே ஒருமுறை பதிவானாலும் அது தோல்வி என்பதே இத்துறையின் வழக்கமான கணக்கு. ஆண்டு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தவர், சிகிச்சைக்குப் பின் ஆறு மாதத்தில் ஒரே ஒரு நிமிடம் நடுங்கினாலும் தோற்றவர் பட்டியலில் சேர்வார். விட்டுவிட்டு வரும் வகையினரிடம் உடலுக்குள் பதித்த கருவியால் தொடர்ந்து அளந்த கனடா நாட்டு சர்க்கா-டோஸ் ஆய்வில், கண்டிப்பான கணக்கில் பாதிப் பேரே தேறினார்கள்; நடுக்கத்தில் கழியும் நேரமோ 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை எப்போதாவது கட்டிப் பார்க்கும் ஆய்வில் பல மறுவருகைகள் தப்பிவிடும். எவ்வளவு நடுக்கம் மிஞ்சினால் தீங்கில்லை என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை இன்னும் இல்லை.

கருவியைவிடக் காலம்?

2020இல் வந்த ஈஸ்ட்-ஏஎஃப்நெட் 4 விவாதத்தின் அச்சையே சற்று நகர்த்தியது. நோய் கண்டு ஓராண்டுக்குள் இருந்த 2,789 பேரை எடுத்து, ஒரு குழுவுக்கு உடனே லயக் கட்டுப்பாட்டைத் தொடங்கினார்கள். இதய நோயால் இறப்பது, பக்கவாதம், இதய நோயால் மருத்துவமனையில் சேர்வது ஆகியவை சேர்ந்த கணக்கு நூறு நோயாளி-ஆண்டுக்கு 5.0இலிருந்து 3.9 ஆகக் குறைந்தது. இந்தக் குழுவில் இரண்டாண்டு முடிவில்கூட அப்லேஷன் பெற்றவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்கள் மாத்திரையால் லயம் காத்தவர்கள். அஃபர்ம் தோற்ற இடத்தில் அதே மாத்திரைகள் எப்படி வென்றன? சீக்கிரம் தொடங்கியது, உறைவு எதிர்ப்பு மருந்தை விடாமல் கொடுத்தது, எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று தெரிந்திருந்தது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆட்டுப் பரிசோதனையோடு இது ஒத்துப்போகிறது: மேலறை மாறிப்போவதற்குள் தடுப்பது. ஆனால் இதில் நீடித்த வகையினர் ஏறத்தாழ கால்வாசிதான். பல ஆண்டு நடுங்கிவிட்ட மேலறைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

கருவிக்கு வெளியே நிற்கும் இன்னொரு தரப்பு அடிலெய்டில் உருவானது. உடல் எடையை 10 சதவீதத்துக்குக் குறையாமல் இறக்கித் தக்கவைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு மருந்தும் கதீட்டரும் இல்லாமலேயே துடிப்புக் கோளாறு அடங்கியிருந்ததாக லெகசி ஆய்வு 2015இல் காட்டியது. இது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மெல்பர்ன் குழு 140 பேரிடம் குலுக்கல் முறையிலேயே சோதித்து, மதுவை நிறுத்தினால் மறுவருகை 73இலிருந்து 53 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. சில மருந்துகளுக்கு இணையான பலன் இது. கதீட்டர் சிகிச்சை அறையில் இதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஆபத்தும் புதிய கருவியும்

கதீட்டரின் ஆபத்துகள் அரிது, ஆனால் கொடியவை. இதய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை நெரிப்பது கபானாவில் 0.8 சதவீதம். வெப்பத்தால் சுடும்போது பின்னாலுள்ள உணவுக்குழாய் வெந்து, மேலறைக்கும் அதற்கும் இடையே துளை விழலாம். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளைத் தொகுத்த போட்டர்-ஏஎஃப் பதிவேட்டில் இது 0.025 சதவீதம்தான், ஆனால் நேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் இறந்தார்கள். வாரக்கணக்கில் கழித்துக் காய்ச்சலோடு வருவதால் பல இடங்களில் இதை அடையாளம் காணத் தாமதமாகிறது.

மைக்ரோநொடி மின்துடிப்புகளால் செல் உறையில் ஓட்டையிட்டு, வெப்பமில்லாமல் இதயத் தசையை மட்டும் அழிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரில் முதல் அனுமதி கிடைத்தது. 17,000 பேருக்கு மேல் தொகுத்த பதிவேட்டில் உணவுக்குழாய்த் துளை ஒன்றுகூட இல்லை. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிப்பது, இதயத் தமனி இறுகுவது எனப் புதிய தொல்லைகள் தலைகாட்டுகின்றன. பாதுகாப்பு கூடியதே தவிர, நீடித்த வகையில் வெற்றி பெரிதாக உயரவில்லை: பல்ஸ்ட் ஏஎஃப் ஆய்வில் ஓராண்டில் 55 சதவீதம். எதைக்கொண்டு சுடுவது என்பது தீர்ந்துவருகிறது. எங்கே சுடுவது என்பது அப்படியே கிடக்கிறது.

இந்தியாவுக்கு எவ்வளவு பொருந்தும்?

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் நோயாளி, அறுபதைத் தாண்டிய, ரத்தக் கொதிப்பும் பருமனும் உள்ள மேற்கத்தியர். இந்தியாவின் ஐஎச்ஆர்எஸ்-ஏஎஃப் பதிவேட்டில் சேர்ந்த 1,537 பேரின் சராசரி வயது 55ஐ ஒட்டியது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வந்த வால்வு நோய். பெரிய அப்லேஷன் ஆய்வுகளில் ருமாட்டிக் மைட்ரல் சுருக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இவர்களிடம் பொதுவிதி பிசகும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு சான்று இருக்கிறது. 2022இன் இன்விக்டஸ் ஆய்வில், உலகம் முழுக்க வார்ஃபரினை ஓரங்கட்டிய புதிய வகை மாத்திரைகளில் ஒன்றான ரிவரொக்சபான், ருமாட்டிக் நோயாளிகளிடம் பழைய வார்ஃபரின் வகையிடம் தோற்றது. லயத்தைப் பொறுத்தவரை, 2004இல் வெளிவந்த 144 பேர் கொண்ட மும்பை ஆய்வு, ருமாட்டிக் நோயாளிகளிடம் அமியோடரோனால் லயத்தைக் காப்பது வேகத்தை மட்டும் அடக்குவதைவிட நல்லது என்ற திசையில் முடிந்தது. அஃபர்மின் முடிவுக்கு இது எதிர். சிறிய ஆய்வுதான், ஆனால் இருபதாண்டாகியும் இதைப் பெரிய அளவில் சரிபார்த்துக் கபானாவைப் போல ஒன்றை இங்கே யாரும் நடத்தவில்லை. அப்லேஷனுக்கு லட்சங்களில் செலவாகும் நாட்டில் இந்தக் கேள்வி வெறும் கல்விசார் கேள்வி ஆகாது.

தீராமல் நிற்பவை

இன்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை சில. பம்பிங் குறைந்த, நீடித்த நடுக்கம் உள்ளவரிடம் அப்லேஷனைத் தள்ளிப்போடாமல் பேச வேண்டும். மாத்திரைக்குப் பின்னும் மூச்சிரைப்பும் படபடப்பும் வாட்டுகிறவருக்கு அது மாத்திரையைவிட நல்ல வாய்ப்பு. ஆனால் இரண்டில் ஒருவருக்கு அடுத்த ஓரிரு ஆண்டில் ஏதோ ஓர் அளவில் நடுக்கம் திரும்பக்கூடும், இரண்டாம் முறை தேவைப்படலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். அறிகுறியே இல்லாத, வேகம் அடங்கியிருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அஃபர்ம் சொன்னது இன்னும் செல்லும்.

சொல்ல முடியாதவை: இதயம் பலமாக உள்ளவருக்கு அப்லேஷன் ஆயுளை நீட்டுமா, சிரைகளைத் தாண்டி எதைச் சுட வேண்டும், நடுக்கம் எத்தனை ஆண்டு நீடித்த பிறகு முயல்வது வீண், மருந்து தோற்கும்வரை காத்திருக்காமல் நீடித்த வகையில் நேரே கதீட்டருக்குப் போகலாமா, ருமாட்டிக் நோயாளிக்கு இவை எதுவும் பொருந்துமா.

இன்னொன்றும் இருக்கிறது: வெற்றிகரமான அப்லேஷனுக்குப் பின் உறைவு எதிர்ப்பு மருந்தை நிறுத்தலாமா? 2025இன் ஓஷன் ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டாவது நடுக்கமின்றி இருந்த 1,284 பேரிடம் ரிவரொக்சபானும் ஆஸ்பிரினும் பக்கவாதத்தில் உறுதியான வித்தியாசம் காட்டவில்லை. இரு குழுவிலும் அது மிகக் குறைவு. ஆனால் அதில் பக்கவாத ஆபத்து அதிகமுள்ளவர்கள் குறைவாகவே இருந்தார்கள். ஆகவே ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர், வால்வு நோய் உள்ளவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர் ஆகியோர், துடிப்பு எவ்வளவு சீராக இருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.